முக்கால் மாத்திரை

அத்தியாயம் 17

சபியுல்லா அண்ணாச்சி மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தராமல் நின்றதோடு வள்ளிமயிலின் சனிக்கிழமை முடிந்திருந்தது. இனிமேல் டாக்டர் சீட்டு இல்லாமல் தரமுடியாது, இத்தனை வருஷம் தந்ததே எங்கள் தப்பு என்றார். உன் வாய் தானாக மெல்லுவதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, பழைய பைலை எடுத்துக்கொண்டு ஒரு நரம்பு டாக்டரைப் பார் என்றும் சொன்னார். அதுவரைக்கும் தாங்கட்டும் என்று ஐந்து மாத்திரையை மட்டும் வெட்டிக் கொடுத்தார்.

அந்த ஐந்தில் நாலு தீர்ந்து, புதன்கிழமை விடிந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் பதினோரு மணிக்குப் பெயர் பதிந்திருந்தது. மில்லுக்கு லீவு சொல்லியாயிற்று. அம்மா வெயிலுகந்தம்மாள் கழுகுமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். மஞ்சள் பைக்குள் பைல் இருந்தது.

சங்கரபாண்டி இரண்டு பேரையும் தன் ஆட்டோவிலேயே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டான். ஆட்டோ ஸ்டாண்டில் இன்றைக்கு ஓட்டம் குறைவு, நானும் வருகிறேனே என்று கேட்டுப் பார்த்தான். பொம்பளைங்க சமாச்சாரம், தைராய்டுக்குப் பார்க்கிறோம், நீங்க எதுக்கு என்று வள்ளிமயில் சொல்லிவிட்டாள். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. தோண்டித் துருவாத மனுஷன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவள் விழுங்குகிற மாத்திரை ரத்தச்சோகைக்கு என்றுதான் கல்யாணமான நாளிலிருந்து அவன் நம்பிக்கொண்டிருந்தான். அப்படிச் சொன்னது வெயிலுகந்தம்மாள். அதைத் திருத்தாமல் பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தது வள்ளிமயில்.

*

ஒன்பது வயதில் இடது தோளில்தான் ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது தோள் தானாக வெட்டும். பிறகு கண் சிமிட்டல் சேர்ந்தது. அதற்குப் பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம், விக்கலும் இல்லாமல் இருமலும் இல்லாமல். அடக்கினால் கொஞ்ச நேரம் அடங்கும். அடக்கினதெல்லாம் சேர்ந்து பிறகு வட்டியோடு வரும்.

பள்ளிக்கூடத்தில் வேண்டுமென்றே செய்கிறாள் என்று வெளியே நிறுத்தினார்கள். ஊரில் காத்துக்கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினவர்கள் ஒவ்வொருத்தியாக இடம் மாறிப் போனார்கள்.

இருபதாவது வயதில் மதுரையில் ஒரு டாக்டர்தான் இது நரம்பில் வரும் வெட்டு, பேயும் இல்லை பிடிவாதமும் இல்லை என்று சொல்லி இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் தோள் அடங்கிற்று. தொண்டை அடங்கிற்று. முதல் தடவையாக மகள் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பூக்கட்டியதை வெயிலுகந்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மகிழ்ச்சியை அவள் அதற்குப் பிறகு ஒரு நாளும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

கோவில்பட்டி மில்லில் வேலை கிடைத்தது. எப்போதாவது மிச்சம் மீதியாக ஒரு சத்தம் வந்தாலும் மிஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது. அப்புறம் கல்யாணம்.

போன வருஷம் பொங்கல் முடிந்த பிறகுதான் வாய் ஆரம்பித்தது. உதடு குவியும், விரியும். நாக்கு நுனி வெளியே வந்து போகும். மில்லில் சூபர்வைசர் அம்மா, "என்னட்டி, வேலை நேரத்துல என்னத்த மெல்லுத?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். வள்ளிமயில் வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை.

*

டாக்டர் ஐம்பது வயதை நெருங்கும் பெண்மணி. அவசரப்படாமல் பேசினார். நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். வள்ளிமயிலால் முடியவில்லை, நாக்கு உள்ளே ஓடி ஒளிந்தது. பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார். கை அந்த வேலையைச் செய்யச் செய்ய வாய் இன்னும் வேகமாக மென்றது.

"இது உங்க பழைய வியாதி இல்லம்மா" என்றார் டாக்டர். "பழசுக்குச் சாப்பிட்ட மாத்திரை கொண்டுவந்தது. ரொம்ப வருஷம் சாப்பிட்டா சில பேருக்கு இப்படி வரும். மாதவிலக்கு ஒழுங்கா இருக்கா?"

"அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் தள்ளித்தான் போகும்" என்று வெயிலுகந்தம்மாள் முந்திக்கொண்டாள்.

"நாலு வருஷமா இல்ல டாக்டர்" என்றாள் வள்ளிமயில். "அதுக்கு முன்னால ஆறு மாசத்துக்கு ஒருக்க."

மார்பில் பால்போல ஏதாவது கசிந்ததுண்டா என்று டாக்டர் கேட்டார். வள்ளிமயில் தலையைக் குனிந்துகொண்டாள். உண்டு என்றாள்.

அது ஆறு வருஷத்துக்கு முன்னால். வழக்கம்போலத் தள்ளிப்போயிருந்த நேரத்தில், ஒருநாள் ஜாக்கெட் நனைந்திருந்தது. அவள் சந்தோஷத்தில் சங்கரபாண்டியிடம் சொல்ல, அவன் ரயில்வே ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கக் கடலைமிட்டாய் கொடுத்துவிட்டான். நாலு நாள் கழித்துப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அப்போது பார்த்த லேடி டாக்டர், வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ரத்தச்சோகை மாத்திரை மட்டும்தான் என்று அம்மா சொன்னாள். பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருந்ததால் வள்ளிமயிலும் வாய் திறக்கவில்லை. சங்கரபாண்டியைச் சோதித்ததில் அவனுக்கு உயிரணு கொஞ்சம் குறைவு என்று சொன்னார்கள். பேச்சு அத்தோடு முடிந்துபோயிற்று.

"அதுவும் இந்த மாத்திரை செய்றதுதான்" என்றார் டாக்டர். "உடம்பு பிள்ளை பெத்திருக்குன்னு நினைச்சுக்கிடும். மாதவிலக்கை நிறுத்திரும்."

பிறகு பைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். பழுப்பேறிய ஒரு சீட்டில் நின்றார். இரண்டு தடவை படித்தார்.

"இதுல எழுதியிருக்கே. மாதவிலக்கு தள்ளிப்போகுது, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும், மூணு மாசத்துல திரும்ப வரணும்னு. ரெண்டாயிரத்துப் பதிமூணு மார்ச். ஏன்ம்மா போகல?"

வள்ளிமயிலுக்கு அந்தச் சீட்டு ஞாபகமே இல்லை. அந்தத் தடவை மில்லில் லீவு கிடைக்கவில்லை. அம்மா மட்டும்தான் மதுரைக்குப் போய்விட்டு வந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, இதையே சாப்பிடச் சொன்னார் என்றாள்.

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். வெயிலுகந்தம்மாள் மஞ்சள் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்கு விளங்கியிருக்க வேண்டும். கேள்வியை விட்டுவிட்டு, இனிச் செய்ய வேண்டியதைச் சொன்னார். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. இந்த மாதம் முக்கால், பிறகு அரை, அப்படியே இறங்க வேண்டும். குறைக்கக் குறைக்க வாய் கொஞ்ச நாள் இன்னும் கூடலாம். அது முழுக்கப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது, பிறகு அதற்கென்று மருந்து பார்க்கலாம். தோளும் தொண்டையும் திரும்ப வரும். வரப்போகிறது என்று உடம்பு முன்னால் சொல்லும் இல்லையா, அந்த நேரம் கையை இடுப்போடு அழுத்தி மெதுவாக மூச்சு விடப் பழகலாம், அதற்கு வாரம் ஒருநாள் இங்கே ஒரு பெண் சொல்லித் தருவாள். ரத்தம் கொடுத்துவிட்டு, மாத்திரைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

"குழந்தை?" என்று கேட்டாள் வள்ளிமயில்.

"மாத்திரை குறைஞ்சா மாதவிலக்கு திரும்பலாம். உங்களுக்கு முப்பத்தாறு வயசு. முடியும்னும் சொல்லமாட்டேன், முடியாதுன்னும் சொல்லமாட்டேன்."

*

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் மகள். வைகாசி வெயிலில் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. பஸ் கங்கைகொண்டானைத் தாண்டிற்று.

அம்மாதான் முதலில் பேசினாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உன்னப் பொண்ணு பாக்க வர நாலு நாள்தான் இருந்துது. குறைச்சா திரும்ப வரும்னு அந்த டாக்டரே சொன்னாரு. நான் எப்படிட்டி குறைப்பேன்?"

"கல்யாணம் முடிஞ்ச பிறகு?"

"மருமகன் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாவளோன்னு பயம். ஒரு புள்ள பிறக்கட்டும், பிறகு மெல்லச் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திருந்தது, பிள்ளை பிறக்க விடாத மாத்திரையைக் கொடுத்துக்கொண்டு. வெயிலுகந்தம்மாள் முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். அழும் சத்தம் அதிகம் வெளியே வரவில்லை. முன் சீட்டுக்காரர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

வள்ளிமயில் அம்மாவின் கையைப் பிடிக்க நினைத்தாள். கை போகவில்லை. அம்மா தனக்குச் சோறு ஊட்டியதும், வேப்பிலை அடித்தவன் கையைப் பிடித்துத் தள்ளியதும், பள்ளிக்கூட வாசலில் நின்று வாத்தியாரோடு சண்டை போட்டதும் எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் கை மடியிலேயே கிடந்தது.

கயத்தாறு வரும்போது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று சொன்னாள். வெள்ளிக்கிழமை தம்பி கொம்பையாவுக்கு நிச்சயதார்த்தம். ஓட்டப்பிடாரத்துப் பெண் வீட்டார் ஐம்பது பேராவது வருவார்கள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் மட்டும் முழுசாப் போட்டுக்கோட்டி. சனிக்கிழமையிலிருந்து குறை. ரெண்டு நாள்தான்."

வள்ளிமயிலுக்குக் கோபம்கூட வரவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையிலிருந்து தனியாகத் திரும்பிய பஸ்ஸிலும் அம்மா இதைத்தான் தனக்குத்தானே சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. நாலு நாள்தான் என்று.

"இன்னைக்கே குறைக்கப்போறேம்மா" என்றாள்.

*

சங்கரபாண்டி பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவோடு நின்றான். அத்தைக்குப் பிடிக்கும் என்று சேவு வாங்கி வைத்திருந்தான். வீட்டுக்குப் போகும்வரை, டாக்டர் என்ன சொன்னார் என்று அவன் கேட்டதற்கு இரண்டு பேரும் ஒரே மாதிரி, வீட்டில் போய்ச் சொல்கிறோம் என்றார்கள்.

வீட்டில் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். வெயிலுகந்தம்மாள் அடுப்படி நிலையோரம் தரையில் உட்கார்ந்தாள். வள்ளிமயில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது வயதிலிருந்து ஆரம்பித்தாள். எதையும் மறைக்கவில்லை, அந்த லேடி டாக்டரிடம் தானும் சேர்ந்து சும்மா இருந்தது உட்பட. சொல்லும்போது உதடு தன் பாட்டுக்குக் குவிந்து விரிந்தது. அவள் கையால் மறைத்துக்கொள்ளவில்லை.

சங்கரபாண்டி அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கினான். அவனுக்கு இங்கிலீஷ் வராது. தேதி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டான். அவள் விரலை வைத்துக் காட்டினாள். மார்ச். அவர்கள் கல்யாணம் அதே வருஷம் ஆவணியில்.

ஆறு வருஷமாக அவன் காலையில் வெறும் வயிற்றில் லேகியம் சாப்பிட்டு வருகிறான். எட்டயபுரத்திலிருக்கும் அவன் அண்ணன், நாலு பேர் இருக்கும் இடத்தில் அவனைப் பார்த்துச் சிரிப்பான். அதனாலேயே சொந்தத்தில் வளைகாப்பு, காதுகுத்து என்றால் சவாரி இருக்கிறது என்று சொல்லிவிடுவான். மனைவி மேல் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று, குறை என் பேரில்தான் என்று அவனே முந்திக்கொண்டு சொன்னதும் உண்டு.

சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அன்னைக்கு ஸ்டாண்டுல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தேனே மயிலு. அதுவும் இந்த மாத்திரைதானா?"

அவள் தலையசைத்தாள்.

அவன் சீட்டை மடித்து பைலுக்குள் வைத்தான். மடிப்புக் கலையாமல் கவனமாக வைத்தான். பிறகு மாமியாரைப் பார்த்தான்.

"அத்தை, எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம். நான் யார்ட்டயும் சொல்லியிருக்கமாட்டேன்."

வெயிலுகந்தம்மாள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்ல வள்ளிமயில் வாசல்வரை போனாள். அம்மா தெரு முனையைத் தாண்டிவிட்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை, செருப்பு நடையில் கிடந்தது. சங்கரபாண்டி அதைப் பார்த்தான். குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பிப் போனான்.

*

அவன் போனதும் வள்ளிமயில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மீதமிருந்த ஒரு மாத்திரையை எடுத்து, தாளின் மேல் வைத்து பிளேடால் வெட்டினாள். நேராக வெட்டுப்படவில்லை, ஓரம் தூளாயிற்று. சிறிய துண்டை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். பதினாறு வருஷமாக விழுங்கியதில் இது ஒன்றுதான் அவளாக அளவு பார்த்துப் போட்டது.

சங்கரபாண்டி இருட்டத் தொடங்கும்போது வந்தான். அத்தையைக் கழுகுமலையில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டதாகச் சொன்னான். சொல்லிவிட்டு, கொடியிலிருந்து இரண்டு சட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தான்.

"எங்க போறீய?"

"எட்டயபுரத்துக்கு. நாலு நாள் அண்ணன் வீட்டுல இருந்துக்கிடுதேன்."

அந்த அண்ணன் வீட்டுக்கா என்று அவள் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"அவன்ட்ட ஒரு வார்த்தை சொல்லணும் மயிலு. குறை எம்பேர்ல மட்டும் இல்லன்னு. ஒரே ஒரு தடவை அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

அண்ணனிடம் சொன்னால் விடிவதற்குள் எட்டயபுரம் முழுக்கத் தெரியும். அங்கிருந்து ஓட்டப்பிடாரம் எவ்வளவு தூரம்? வெள்ளிக்கிழமைக்குள் பெண் வீட்டுக்குப் போய்விடும். வள்ளிமயிலுக்கு இது அத்தனையும் ஒரு நொடியில் ஓடிற்று. சொல்லாதீங்க என்று கேட்கலாம். கேட்டால் அவன் சொல்லமாட்டான், அது அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அவன் தலையில் ஏற்றி வைத்ததை இன்னும் கொஞ்ச நாள் சுமக்கச் சொல்லிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

"பசியில்ல."

கோபமா என்று கேட்டாள். அவன் வாசலில் நின்று யோசித்துவிட்டு, கோபம் இல்லை, ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் கேட்டுக்கொண்டே இருப்பேன், நீ அழுதுகொண்டே இருப்பாய் என்றான். ஆட்டோவின் சிவப்பு விளக்கு தெரு முனையில் திரும்பிற்று.

அவள் நடையிலேயே உட்கார்ந்தாள். அவன் வாங்கி வைத்திருந்த சேவில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். அப்போதுதான் கொம்பையா போன் செய்தான்.

"யக்கா, அம்மா வந்ததுலருந்து ஒண்ணும் பேசமாட்டேங்காவ. டாக்டர் என்ன சொன்னாரு?"

"பிறகு சொல்லுதேன்."

"சரி. நீ எதையும் யோசிக்காத. நீ எப்படி இருந்தாலும் வெள்ளிக்கிழமை நீதான் முன்னால நிக்கணும். பொண்ணு வீட்ல இப்பதான் பேசுனாவ. அக்காவும் அத்தானும் சேர்ந்து தட்டு எடுத்துக் குடுக்கணுமாம். அவிய வழக்கமாம்." அவன் குரலில் கல்யாண மாப்பிள்ளையின் சந்தோஷம் மறைக்க முடியாமல் இருந்தது. "அத்தான் சவாரி கிவாரின்னு சொல்லிருவாவ. நீ பேசிட்டியா? ரெண்டு பேரும் வருதீங்கல்ல?"

இடது தோளில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்பு, வெட்டு வருமுன் இப்படித்தான் இருக்கும். டாக்டர் சொன்னபடி கையை இடுப்போடு அழுத்திக்கொண்டாள். மெதுவாக மூச்சு விட்டாள்.

தம்பி பதிலுக்காகக் காத்திருந்தான்.

"ரெண்டு பேரும் வாரோம்லே" என்றாள் வள்ளிமயில். "அவிய இங்கனதான் இருக்காவ. குளிச்சிக்கிட்டிருக்காவ."

பொய் எங்கிருந்து இவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவள் அதுவரை யோசித்ததில்லை. ஒரு கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும் என்று நினைத்தால் போதும், அது தானாக வருகிறது. தம்பி சந்தோஷமாகப் போனை வைத்தான். அவள் இருட்டில் உட்கார்ந்து அம்மாவுக்காக முதல் முறையாக அழுதாள்.